ஒரு முறம் தவிடும் ஒரு மூட்டை அரிசியும்

ரத்தினத்தைப் பற்றி முழுவதையும் நீ முன்னதாகவே எழுதியிருந்தால், நான் கப்பல் ஏறி ஜொகூருக்கு வந்திருப்பேனா? சென்னைக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போதும் விடைத்தாள் திருத்தும்போதும் இந்தக் கேள்வியை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். வந்திருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. பி.ஏ. படித்த பெண்களை விரல் விட்டு எண்ணிய காலத்தில் படித்தவள், உன் அப்பாவோடு சேர்ந்து சாதி கேட்காத வீடு என்று பெயரெடுத்தவள், வேறு எப்படிச் சொல்வேன்? ஆனால் பதில் உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. ஐம்பதை நெருங்கும்போதாவது தெரியாததைத் தெரியாது என்று எழுதிப் பழக வேண்டும்.

போன மாதம் உன் கடிதம் வந்தது. தை மாதம் நாள் குறித்தாகிவிட்டது, பெக்கோக்கில் ரயில்வேக்காரர்கள் கட்டிய சின்னக் கோயிலில் கல்யாணம், லாபிஸ் தோட்டத்தில் உனக்குக் கொடுத்திருக்கும் வீட்டில் சமையலறைக் கூரையை மாற்றிவிட்டார்கள் என்று நல்ல செய்திகளாகவே எழுதிக்கொண்டு போய், கடைசிப் பக்கத்தில் முத்தையாவிடம் வந்தாய். பெண் கேட்டவனைப் பதினெட்டு நாள் காக்க வைத்து வேடிக்கை பார்த்த மனிதர், அதை நீ மறக்கப் போவதில்லை என்கிறாய். அடுத்த வருஷம் அவர் ரயில்வே வேலையை விட்டதும் உங்களோடு வந்து இருக்கட்டும் என்று ரத்தினம் கேட்டாளாம். முடியாது, அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறட்டும் என்று சொல்லிவிட்டாயாம். இங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? மீசை முளைக்கும் முன் புறப்பட்டுப் போனவர். மனைவி இறந்து இரண்டு வருஷம். இருப்பது அந்த ஒரு மகள். உன் கோபத்தில் தவறில்லை, விலாசம்தான் தவறு. அந்தப் பதினெட்டு நாளுக்குக் காரணம் அவர் இல்லை, நான். இதை உன்னிடம் சொல்லாமலே ஊர் திரும்பினேன். தை மாதத்துக்கு முன் கப்பலில் நானும் வந்து சேருவேன். ஆனால் நேரில் நான் எதையும் சரியாகச் சொன்னதில்லை. அதனால் இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வரட்டும்.

ஜொகூர் பாரு பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். நீயும் கூட இருந்த நாள்தான். ஆனால் நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றில்லை. அம்மாவுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது போலவும் இருக்க வேண்டும், பெண்ணைக் காட்டுவது போலவும் இருக்க வேண்டும் என்று நீயே போட்ட திட்டம் அது. லாபிஸில் விடியற்காலை ரயில் ஏறும்போது, "அவங்க பெக்கோக்ல ஏறுவாங்கம்மா" என்று மட்டும் சொன்னாய். பாயிண்ட்ஸ்மேன் முத்தையா, அவர் மகள் ரத்தினம், வயது பதினெட்டு, நன்றாகச் சமைப்பாள், தமிழ்ப் பள்ளியில் படித்தவள்: உன் கடிதங்களிலிருந்து எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெக்கோக்கில் ஒரு நிமிஷம்தான் வண்டி நின்றது. காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்த மெலிந்த, கறுத்த மனிதர் முதலில் ஏறினார். பின்னால் நாலடுக்குத் தூக்குப் பாத்திரத்தோடு ரத்தினம். கருநீலச் சேலை, நெற்றியில் குங்குமம், நேராக இறங்கும் முடியை இழுத்துப் போட்ட கொண்டை. முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது, சீனத் தாய்க்குப் பிறந்த பெண் என்று. "கும்பிடுறேங்கம்மா. ராத்திரி மழையில தூங்கினீங்களா?" என்று கேட்டாள். பெக்கோக் ரயில்வே லயத்து வரிசை வீடுகளின் தமிழ். அதில் ஒட்டுப்போட்ட இடம் எதுவும் இல்லை. நான் உன்னைப் பார்த்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தாய்.

அந்த ஊர்ப்பக்கம் இது புதிதல்ல என்று பிறகு நீ சொன்னாய். பெண் குழந்தையை வளர்க்க முடியாத சீனக் குடும்பங்கள் பிள்ளை இல்லாத தமிழர்களிடம் கொடுத்துவிடுவதும், அவை தமிழ்ப் பிள்ளைகளாகவே வளர்வதும் உண்டாம். சரி. ஆனால் நீ எழுதவில்லை. பார்த்த பிறகு அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள் என்று நினைத்தாயா, அல்லது எழுதினால் அம்மா வரமாட்டாள் என்று நினைத்தாயா? நான் இதை ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டாவதுதான் உன் கணக்கு என்றால், அன்று சாயங்காலத்துக்குள் அது சரியென்று நானே காட்டிவிட்டேன். முதலாவது என்றால், உனக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: ஒருவரை நல்லவர் என்று நம்பி ஒரு விஷயத்தை மறைக்காதே. அவர் நல்லவராக நடந்துகொள்ள அவகாசம் கேட்பார். அதை நீ கொடுக்காமல் போய்விடுவாய்.

கூலாயில் தண்டவாளத்தின் குறுக்கே மரம் விழுந்து வண்டி இரண்டு மணி நேரம் நின்றது உனக்கு நினைவிருக்கும். முத்தையா கீழே இறங்கி, தன் வேலை இல்லாவிட்டாலும் மரம் அறுப்பவர்களுக்கு யோசனை சொல்லிவிட்டு வந்தார். "எங்க லைன்ல மரம் விழாத நாள்தாம்மா அதிசயம்" என்றார். பிளாட்பாரத்தில் ஒரு பெண் அவித்த மரவள்ளிக்கிழங்கை வாழையிலைத் துண்டில் வைத்து, மேலே தேங்காய்த் துருவலும் மிளகாய்ச் சம்பலும் போட்டு விற்றாள். காப்பியைப் பால் டின்னில் ஊற்றி, டின்னின் கழுத்தில் கயிறு கட்டிக் கொடுத்தார்கள்.

"கிராணியாரு டின்ல குடிப்பாரா? தொரை பாத்தா வேலையை விட்டுத் தூக்கிருவாரே" என்றாள் ரத்தினம், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் உன் பக்கம் பார்க்காமலே.

"ஏன், எனக்கு வாய் இல்லையா?" என்று வாங்கி ஒரே வாயில் விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டாய்.

"மெதுவாலா. கிராணியாருக்கு நாக்குப் போச்சுன்னா நாளைக்குப் பெரட்டுல யாரு பேர் கூப்பிடறது?"

முத்தையா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கிழங்கின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. மனிதர்கள் காலையில் இருப்பது போலவே நாள் முழுவதும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜொகூர் பாருவை அடையும்போது வெயில் ஏறிவிட்டது. அரண்மனைத் தோட்டத்தை நீ வழிகாட்டிப் புத்தகம் போல ஒப்பித்தாய்; பாதி மரங்களுக்குப் பெயரை நீயே வைத்திருப்பாய் என்று எனக்குச் சந்தேகம். குன்றின் மேலிருக்கும் பெரிய மசூதிக்குத் தொழுகை நேரத்தில் போனதால் உள்ளே பார்க்க முடியவில்லை. வெளியே புல்வெளியில் நின்று கடலைப் பார்த்தோம். அக்கரையில் சிங்கப்பூர், நடுவே கல்பாலம், அதன் மேல் புகை விட்டுக்கொண்டு ஒரு ரயில். அழகுதான். நான் கடலைப் பார்க்கும் சாக்கில் ரத்தினத்தின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்குப் பிறக்கும் பிள்ளை எப்படி இருக்கும், என் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் என்ன சொல்வார்கள் என்று. இப்படியெல்லாம் யோசிப்பவர்களை நாற்பத்தெட்டு வருஷமாகப் பரிகாசம் செய்தவள் நான்.

இறக்கத்தில் நானும் ரத்தினமும் ஏறிய ரிக்‌ஷாவின் சக்கரம் சாக்கடையில் இறங்கிக் கவிழ்ந்தது. நான் புல்லில் உட்கார்ந்தபடி விழுந்தேன். செருப்பு வார் அறுந்தது தவிர ஒன்றுமில்லை. ஆனால் ரத்தினத்தின் மடியில் இருந்த தூக்குப் பாத்திரம் சரிவில் உருண்டு, அடுக்கடுக்காகக் கழன்று, புளிச்சோறும் முட்டையும் வறுவலும் வழி நெடுகச் சிதறியது. காக்கைகள் எங்கிருந்தோ வந்துவிட்டன. "அலமாக்" என்றாள், மலாய்க்காரர்களின் ஐயோ அது. பிறகு பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டே, "விடியுமுன்ன எந்திரிச்சு இதுங்களுக்குத்தான் ஆக்கியிருக்கேன் போல" என்றாள். நீங்கள் எல்லோரும் ஐயோ என்றீர்கள். நானும் சொன்னேன். ஆனால் எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது. அவள் கையால் சமைத்ததைச் சாப்பிட வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு, கவனிக்காதவள் போல இருந்துவிட்டேன்.

அரை மணி கழித்து கடலோரம் ஒரு மலாய்க்காரப் பெண்ணின் கடையில், மழைக்குக் கட்டிய கித்தான் அடியில், அதே நான் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். புளிப்பும் காரமுமாக மீன் குழம்பு, பச்சைக் கீரைகள், நாற்றத்துக்குப் பயப்படாதீர்கள் என்று நீ எச்சரித்த பெலச்சான் என்ற இறால் விழுதில் அரைத்த சம்பல். யார் சமைத்தது என்று என் மனம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கடைக்காரி எனக்கு மருமகளாக வரப்போவதில்லை அல்லவா.

மழை கித்தானில் கொட்டியது.  விருந்தாளிகள் முன் பேச்சு அற்றுப்போனால் நான் எடுத்துவிடும் கதை ஒன்று உண்டு. உனக்கு மனப்பாடம். அதை எடுத்தேன்.

"இவனுக்கு முன்னால ரெண்டு பிள்ளைங்க தங்கல. அதனால இவன் பொறந்த பதினாறாம் நாள், எங்க வீட்டுக்கு நெல்லுக் குத்த வர்ற பொன்னம்மாகிட்ட இவனைக் குடுத்துட்டேன். அப்புறம் ஒரு முறம் தவிடு குடுத்துத் திரும்ப வாங்கினேன். விலைக்கு வாங்கின பிள்ளையை எமன் தேடி வரமாட்டானாம். பி.ஏ. படிச்சவ செய்யற காரியமா இது? இப்பவும் இவன் மேல கோபம் வந்தா சொல்லுவேன், நீ நான் பெத்த பிள்ளையே இல்லடா, தவிட்டுக்கு வாங்கினவன்னு."

பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, யார் முன்னால் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. ஆனால் பல வருஷம் சொன்ன கதை தன் பாட்டில் ஓடி முடிந்தது. ரத்தினம் என்னைக் காப்பாற்றினாள்.

"ஒரு முறம் தவிடுதானா?" என்று உன்னைப் பார்த்தாள். "எனக்கு எங்கப்பா ஒரு மூட்டை அரிசி குடுத்தாரு. அதுவும் அரிசி கெடைக்காத காலத்துல. அப்ப நாந்தான் ஒசத்தி, கிராணியாரே."

நீ சிரித்தாய். முத்தையாகூடச் சிரித்தார். காலையிலிருந்து எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்த கதவை அவளே திறந்து வைத்தாள். நான் சிரித்திருந்தால் போதும். அதற்குப் பதிலாகக் கேட்டேன்: "குடுத்தவங்க யாரு, என்ன ஆளுங்கன்னு தெரியுமா?"

என்ன ஆளுங்க. நம் தெருவில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் உன் அப்பா எழுந்து போய்விடுவார். முத்தையாவின் கை தட்டிலேயே நின்றது. ரத்தினம் என்னைப் பார்க்கவில்லை. அவள் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள், அவளும் பதிலுக்குக் காத்திருப்பவள் போல. "அது பழைய கதைம்மா" என்றார் அவர். "மழை விட்டுருச்சு. போலாமா?" மழை விட்டிருக்கவில்லை. நனைந்துகொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

 சாயங்காலம் உன் வீட்டுப் படியில் நின்று, "என்ன சொல்றீங்க?" என்று கேட்டாய். "யோசிக்கணும்" என்றேன். நீதிபதி மாதிரி. என்னிடம்தான் எல்லோரும் அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தவிட்டுக் கதையில் நான் யாருக்கும் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. பொன்னம்மா உன்னை வாங்கிக்கொண்டு தன் குடிசைக்குப் போய், வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி உடனே கொண்டுவர வேண்டும் என்பது பேச்சு. அவள் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. பிள்ளை பெற்றுப் பதினாறே நாள் ஆன நான் தவிட்டு முறத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வாசற்படியில் நின்றேன். தர்க்க சாஸ்திரம் படித்தவளுக்கு அன்று ஒரே ஒரு எண்ணம்தான்: கொடுத்தது கொடுத்ததுதான் என்று அவள் சொல்லிவிட்டால்? அவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவள். கடைசியில் வந்தாள். நீ அவள் தோளில் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தாய். உன்னைக் கொடுத்துவிட்டு, தவிட்டை முறத்தோடு வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு நெல்லுக் குத்த வரவில்லை. நான் இதை வேடிக்கைக் கதையாக்கியது அந்தப் பகுதியை விட்டுவிடுவதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. நீயும் ஒரு நாள் உன் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாய். சிரிக்க வைக்கும் கதைகளில் எதை விட்டுவிட்டாய் என்று அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொள்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று முத்தையாவைக் கேட்டுக் கடிதம் போட்டேன். "எழுதுங்கம்மா, அவருக்கும் தெரியணும்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. எழுதிக் கொடுத்தவர் ஸ்டேஷன் மாஸ்டர், கீழே முத்தையாவின் கையொப்பம். அவர் உங்களோடு இருக்க வேண்டுமா என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும். நான் கேட்பது, தெரிந்துகொண்டு தீர்மானி என்பதுதான். மறுநாள் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விடியுமுன் நீ பெரட்டுக்குப் போய்விட்டாய், ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்ப. அறுந்த செருப்பு வாரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு லாபிஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், காலை வண்டியில் பெக்கோக்கில் இறங்கினேன். ரத்தினம் வீட்டுப் பின்புறம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள்.

"அவரு அனுப்பினாராம்மா?"

"இல்ல, நானாத்தான் வந்தேன். நேத்து நான் கேட்டது..."

"எனக்கு அதுல ஒண்ணும் இல்லம்மா. மூஞ்சியிலேயே எழுதியிருக்கு, எல்லாரும் கேக்கறதுதான். சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு. அப்பாவுக்குத்தான் நேத்துலேர்ந்து சோறு எறங்கல. அந்தா இருக்காரு. அவருகிட்டப் பேசுங்க."

முத்தையா தண்டவாளம் பிரியும் இடத்தில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அடுக்கியிருந்த கட்டைகளின் மேல் துண்டை விரித்து என்னை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"குடுத்தவங்க யாருன்னு கேட்டீங்க" என்று அவரே ஆரம்பித்தார். "ஸ்டேஷனுக்குப் பின்னால காய்கறித் தோட்டம் போட்டிருந்தாங்க. இது அஞ்சாவது பொண்ணு. ரயில்வேயில எங்களுக்கு அரிசி அளந்து குடுத்த நேரம். அதைச் சேத்து வச்சு, மூட்டையை என் தோள்ல தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு இவளைத் தூக்கிட்டு வந்தேன். அவங்க பாலோ பக்கம் போயிட்டாங்க. ஒரு வருசம் கழிச்சு அந்தம்மா தனியா ரயில்ல வந்து எறங்குச்சு. கூட ஒரு அரிசி மூட்டை."

எண்ணெய்க் குவளையை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

"எங்க வீட்டுக்காரி கதவைத் தாப்பாப் போட்டுட்டா. அந்தம்மா இங்க, இதே எடத்துக்கு வந்து, மூட்டையைக் காட்டிக் காட்டி என்கிட்டப் பேசுச்சு. அவங்க பாஷை எனக்கு அப்பவே நல்லாத் தெரியும்மா. தெரியாத மாதிரி நின்னேன். சாயங்கால வண்டியில போயிருச்சு. மூட்டையைத் தூக்கிட்டுப் போகல. ரெண்டு நாள் பிளாட்பாரத்துல கெடந்துச்சு. அரிசிக்கு அடிச்சுக்கிட்ட காலம், ஒருத்தர் தொடல. நனைஞ்சு புளிச்ச வாடை வந்தப்புறம் நாந்தான் குழி வெட்டி மூடினேன்."

"ரத்தினத்துக்குத் தெரியுமா?"

"அவங்கம்மா சாகும்போது சொல்லிட்டா. ரெண்டு வருசமா இவ என்னை ஒரு வார்த்தை கேக்கல. நேத்து நீங்க கேட்டப்பதான் என் மூஞ்சியப் பாத்தா." எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார். "உங்களுக்குப் பிள்ளையைத் திருப்பிக் குடுத்தாங்க. நாங்க குடுக்கல. அப்படி வச்சுக்கிட்ட பொண்ணும்மா. நேத்து வரைக்கும் கிராணியாருக்குக் குடுத்துரலாம்னுதான் இருந்தேன். இப்ப, என்ன ஆளுங்கன்னு கேக்கற வீட்டுக்கு இவளை எப்படி அனுப்பறதுன்னு இருக்கு."

வாசற்படியில் முறத்தோடு நின்ற மத்தியானம் எனக்கு நினைவு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. எழுந்து நின்றேன். பெண் கேட்டுப் போவது, தாம்பூலம் மாற்றுவது எல்லாவற்றையும் கேலி செய்தவள், கையில் ஒரு வெற்றிலைகூட இல்லாமல், "உங்க பொண்ணை என் மகனுக்குக் குடுங்க" என்று கேட்டேன்.

"யோசிக்கணும்மா" என்றார். நீ எண்ணிய பதினெட்டு நாளில் முதல் நாள் அது. சிக்னல் கம்பி இழுபட்டது. கொடியை எடுத்துக்கொண்டு போனார்.

ரத்தினம் இலை போட்டாள். புளிச்சோறும் முட்டையும். "நேத்து காக்கா சாப்பிட்டதுதான்" என்றாள். சாப்பிட்டேன். மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் அப்பாவுக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தாள்.

பகல் வண்டியில் லாபிஸ் திரும்பினேன். சாயங்காலம் நீ ஆபீஸிலிருந்து வந்து, படியில் கிடந்த என் செருப்பைப் பார்த்து, "எங்கேயாவது போனீங்களா? சேறா இருக்கே" என்று கேட்டாய். "சும்மா கொஞ்ச தூரம் நடந்தேன்" என்றேன். பிறகு சொன்னேன்: "எனக்குச் சம்மதம். இனிமே முத்தையாதான் சொல்லணும்."